ஞானமேரியின் தவலைக்கு ஒரு மூடி

கண்ணு தெரியாத மனுசன் கையில இரும்பைக் குடுத்தது யாருன்னு கேட்டா, எங்க தெருவே என்னைத்தான் கைகாட்டும். நான் குடுக்கலைங்க. அவராத்தான் எடுத்தாரு. முன்னால உக்காந்து தறிக்காரங்களுக்கு நூலைத் தார்க் குச்சியில சுத்திக்கிட்டு இருந்தேன். பின்னால கரகரன்னு ஒரே சத்தம். எலிதான் பொட்டியைக் கடிக்குதுன்னு வெளக்கமாத்தைத் தூக்கிக்கிட்டு ஓடினா, எங்க ஊட்டுக்காரரு அடுப்படி மூலையில குந்தியிருக்காரு. மடியில டீத்தூள் பொட்டிப் பலகை. அதுல ஆணியால கீறிக்கிட்டு இருக்காரு. கட்டைவிரல்ல இருந்து ரத்தம் வேட்டியில சொட்டுது, அந்த மனுசனுக்கு அது கூடத் தெரியலை.

“ஏனுங்க, என்ன கருமம் இது?”

“வட்டம் போடறேன்.”

“வட்டமா? இப்ப யாரு உங்களை வட்டம் கேட்டா?”

“யாரும் கேக்கலை. சும்மா உக்காந்து உக்காந்து பைத்தியம் புடிக்குது. நீ போயி உன் வேலையப் பாரு புள்ள.”

நானும் கத்திப் பாத்தேன். ஆணியை ஒளிச்சு வச்சுப் பாத்தேன். எங்க ஒளிச்சாலும் தடவிக் கண்டுபுடிச்சிருவாரு. கடைசியில விரலை வெட்டிக்கிட்டா வெட்டிக்கட்டும்னு விட்டுட்டேன். ஊட்டுல ஒரு பொம்பளை எத்தனைதான் பாக்கறது, சொல்லுங்க.

ஏன் வட்டம்னு ஒருநா கேட்டேன். “நேர்க்கோடு போடக் கண்ணு வேணும் தெரசா. வட்டத்துக்கு வேண்டாம். நடு ஆணி அசையாம இருந்தாப் போதும், கை தானா தொடங்கின எடத்துக்கே வந்து சேந்துரும்”னாரு. பலகைக்கு நடுவுல ஒரு ஆணி அடிப்பாரு. அதுல மூங்கில் பட்டை ஒண்ணைக் கோத்து, பட்டையோட மறு நுனியில தீட்டின ரம்ப அலகை இறுக்கிக் கட்டுவாரு. அப்பறம் சுத்துவாரு. சுத்திக்கிட்டே இருப்பாரு. நகம் உள்ள எறங்கற அளவுக்குப் பள்ளம் விழுந்ததும் பலகையைத் திருப்பிப் போட்டு, அதே ஆணித் தொளையில இருந்து மறுபக்கமும் சுத்துவாரு. ரெண்டு பள்ளமும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிறப்ப தட்டு தானா கழண்டு மடியில விழும். ஆணித் தொளையில ஒரு குமிழைச் செருகிட்டா மூடி. சரியா இருக்குதான்னு பாக்க, தட்டை ஆணியில மாட்டிச் சுத்தி விட்டு, ஓரத்துல கட்டைவிரல் நகத்தை வச்சுக்குவாரு. நகத்துல எங்கயாச்சும் தட்டுச்சுன்னா அங்க அரம். தட்டறது நிக்கற வரைக்கும் சோறு கெடையாது, எனக்கும்தான்.

அவரு பொறவியில குருடரில்லைங்க. பாக்கியநாதன் டிரைவருன்னா சேலத்துல இருந்து ராசிபுரம், நாமக்கல் வரைக்கும் ரோட்டோரத்துக் கடைக்காரங்க பூராத்துக்கும் தெரியும். லாரியில வெள்ளைக்கல் லோடு அடிச்சுக்கிட்டு இருந்தாரு. அவரு வண்டியில கிளீனரு அமிர்தசாமி. எங்க தெருவுதான், எங்க கோயிலுதான். அண்ணன் தம்பி கூட அப்படி இருக்க மாட்டாங்க. ஒரே தட்டுல சாப்புட்டவங்க.

மதுவிலக்கு எங்க ஜில்லாவுலதான் மொதல்ல வந்துச்சு. கள்ளுக்கடையை மூடுனாங்க, சாராயக்கடையை மூடுனாங்க, ஆம்பளைங்க வாயை மட்டும் யாராலயும் மூட முடியலை. மேசை நாற்காலிக்குப் பூசற பாலிஷைக் குடிச்சாப் போதை ஏறும்னு எந்தப் பாவி கண்டுபுடிச்சானோ, அவன் வெளங்கவே மாட்டான். எங்க ஊட்டுக்காரரும் அதைப் பழகிட்டாரு. ஒரு கிறிஸ்மசுக்கு மொத நாளு, லோடு எறக்கிட்டு வாரப்ப ஒரு புட்டி வாங்கினாரு. அமிர்தசாமி வேண்டாம்னான். “வேண்டாம்ணே, சாமியாருகிட்டப் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வந்திருக்கேன், நாளைக்குப் பூசையில நன்மை அப்பம் வாங்கணும்”னான். இவரு விட்டாரா? “ஒரு முழுங்குல சேசு ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு. குடிக்கலைன்னா நாளையில இருந்து என் வண்டியில ஏறாதே”ன்னு டம்ளரை அவன் வாயில வச்சு அழுத்திட்டாரு.

கிறிஸ்மஸ் காலைப் பூசைக்கு மணி அடிக்கறப்ப அமிர்தசாமி உசுரு போயிருச்சு. கூடக் குடிச்ச இவரு, கண்ணுல பனி எறங்குனாப்பல இருக்குதுன்னாரு. அப்பறம் எல்லாம் சுண்ணாம்பு அடிச்சாப்பல வெள்ளையா தெரியுதுன்னாரு. அப்பறம் ஒண்ணுமே சொல்லலை. பெரியாஸ்பத்திரியில வெளக்கைக் காட்டிக் காட்டிப் பாத்துட்டு, ஊட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போங்கம்மான்னுட்டாங்க.

டம்ளரை வச்சு அழுத்துன கதையெல்லாம் ஊருக்கு எப்படித் தெரியும்னு கேக்கறீங்களா? இவருதான் சொன்னாரு. அடக்கத்தன்னைக்கு, என் கையைப் புடிச்சுக்கிட்டுக் கல்லறைக்கு வந்து, அத்தனை பேரு முன்னாலயும் ஞானமேரிகிட்ட ஒண்ணு விடாமச் சொன்னாரு. ஞானமேரிதான் அமிர்தசாமி பொஞ்சாதி. கையில பால் குடிக்கற புள்ளையோட நின்னுக்கிட்டு இருந்தா. அவன் வேண்டாம்னு சொன்னான், நாந்தான் ஊத்தினேன், என்னை மன்னிச்சுரு தங்கச்சின்னு மண்ணுல விழுந்தாரு. அவ ஒரு பிடி மண்ணை அள்ளி இவரு தலையில போட்டா. அதுக்கப்பறம் பத்துப் பன்னெண்டு வருசமா இவருகிட்ட ஒரு வார்த்தை கெடையாது.

இவரு அன்னையில இருந்து நன்மை வாங்கலை. சாமியாரு பாவமன்னிப்புக் குடுத்துட்டாரு. போயி நாக்கை நீட்டுன்னு அதட்டிக் கூடப் பாத்தாரு. கேக்கலையே! “அவன் வாங்க வேண்டிய நன்மையை நான் கெடுத்தேன் சாமி. ஞானமேரி மன்னிச்சேன்னு வாயைத் தொறந்து சொல்லட்டும், அப்பறம் வாரேன்”னுட்டாரு. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அவரைக் கோயில்ல ஆம்பளைங்க பக்கம் தூணோரமா உக்கார வச்சுட்டு, நான் பொம்பளைங்க பக்கம் போயிருவேன். எல்லாரும் நன்மைக்கு எந்திரிக்கறப்ப அவரு மட்டும் உக்காந்திருப்பாரு.  அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அந்த மனுசன் உசுரை வச்சுக்கிட்டு இருக்காருன்னு எனக்கு நல்லாத் தெரியும்.

மொதமொதல்ல நகத்துல தட்டாம வந்த மூடியை, ஞானமேரிகிட்டக் கொண்டு போயிக் குடுன்னாரு. கொண்டு போனேன். அவ வாசல்ல வெறகு பொளந்துக்கிட்டு இருந்தா. வாங்கினா, கீழ வச்சா, கோடாலியால ஒரே போடு. ரெண்டு துண்டையும் அடுப்புல சொருகிட்டு, “அக்கா, உங்க மேல எனக்கு ஒண்ணும் வருத்தமில்லை. அந்த ஆளு கை பட்டது எதுவும் என் ஊட்டுக்குள்ள வரக்கூடாது”ன்னா.

நான் மூடி மறைக்கற ஜாதியில்லைங்க. வந்து அப்படியே சொன்னேன்.

“நல்லா எரிஞ்சுதா?”ன்னாரு.

“எரிஞ்சுது.”

“ஈரமில்லாத பலகை, எரியும்”னுட்டு அடுத்த பலகையை எடுத்தாரு.

அதுக்கப்பறம் எங்க தெருவுல அவரு மூடி இல்லாத பானை இல்லை. மோர்ச்சட்டிக்கு மூடி, ஊறுகாச் சாடிக்கு மூடி, உக்கார முக்காலி. மண்ணெண்ணை டின்னை விரிச்சுத் தகரத்துலயும் வெட்டினாரு. ராசிபுரத்துல இருந்து ஒரு நெய் வியாபாரி வந்து, டின்னுக்கெல்லாம் மூடி போட்டுக் குடுங்க, நல்ல கூலி தாரேன்னு கெஞ்சினாரு. மாட்டேன்னுட்டாரு. “கூலின்னு வந்துட்டா வேலையாயிரும், இது வேலையில்லை”ன்னாரு. நான் தார் சுத்திச் சுத்திக் கை மரத்துப் போயி உக்காந்திருக்கேன், இவரு பெரிய சமஸ்தானத்து ராசா! நல்லா நாக்கைப் புடுங்கிக்கற மாதிரி கேட்டேன் அன்னைக்கு. அவரு பாட்டுக்கு அரத்தைத் தேய்ச்சுக்கிட்டு இருந்தாரு.

சீனாக்காரன் சண்டை வந்த வருசம், ஞானமேரி ஊட்டுத் தவலைத் தண்ணியில பல்லி விழுந்திருச்சு. தெரியாம அவ மக குடிச்சுட்டு வாந்தியெடுத்து, புள்ளை ரெண்டு நாளு துவண்டு கெடந்துச்சு. தண்ணிக் கொழாயில பொம்பளைங்க பேசிக்கிட்டாங்க. நான் வந்து ஊட்டுல சொன்னேன். இவரு கையில இருந்ததைக் கீழ வச்சாரு.

“தவலைக்கு மூடி இல்லையா?”

“தட்டம் ஒண்ணு வச்சிருப்பா. வழுக்கி விழும்.”

“தெரசா, தவலை வாய் அளவு வேணும்.”

“மறுபடியும் கோடாலியப் பாத்துட்டு வரச் சொல்றீங்களா?”

“மூங்கில் குச்சியை வாய்க்குள்ள குறுக்க வச்சு, சரியா நறுக்கிக்க. அதையே நாலு பக்கமும் திருப்பி வச்சுப் பாரு. எங்கயும் ஆடக் கூடாது, இடிக்கவும் கூடாது. இடிச்சா எந்தப் பக்கம்னு குறி போட்டுக்கிட்டு வா.”

போனேன். அவ வாசப்படியில நின்னா. மூடிக்கு அளவெடுக்க வந்தேன்னு சொன்னேன்.  நானா உள்ள போனேன். தவலை இருட்டு மூலையில இருந்துச்சு. குச்சியை வச்சா ஒண்ணும் தெரியலை. தடவிக்கிட்டு இருக்கேன், பின்னாலயே வந்தவ குனிஞ்சு, தண்ணியோட அந்தத் தவலையைத் தூக்கி வெளிச்சத்துல வச்சா. அவ்வளவுதான். குச்சியை நறுக்கி, நாலு பக்கமும் திருப்பி வச்சுப் பாத்துட்டு வந்தேன்.

“என்ன சொன்னா?”ன்னாரு நான் வந்ததும்.

“ஒண்ணும் சொல்லலை.”

“வேண்டாம்னு சொன்னாளா?”

“சொல்லலை. தவலையைத் தூக்கி வெளிச்சத்துல வச்சா.”

அந்தக் குச்சியை வாங்கி நெத்தியில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தாரு. அழுதாரு போல. அந்தக் கண்ணுக்கு அழறது மட்டும் மறக்கலை.

காளியண்ண ஆசாரிதான் பலகை குடுக்கறவரு. ஃபேர்லேண்ட்ஸ்ல புதுசு புதுசா பங்களா கட்டறாங்கல்ல, அங்க கட்டில் நாற்காலி செய்யறவரு. துண்டு துணுக்கெல்லாம் இவருக்கு வந்துரும். நல்ல மாம்பலகையா கேட்டு வாங்கினாரு. அத்தனை பதனமா அவரு வெட்டி நான் பாத்ததில்லை. பொழுதுக்கும் சுத்துவாரு. நகத்தை வச்சுப் பாப்பாரு. என் நகத்தையும் வச்சுப் பாக்கச் சொல்லுவாரு. கடைசியில தட்டைச் சுத்தி விட்டா, ஓரம் நகத்துல பட்டும் படாம வழுக்கிக்கிட்டுப் போச்சு. சரி, கொண்டு போறேன்னு எந்திரிச்சா, இரு இருன்னு எங்க தண்ணிப் பானை மேலயே வச்சுப் பாத்தாரு. நாலஞ்சு நாளு கழிச்சு எடுத்துத் தடவினவரு மூஞ்சி செத்துப் போச்சு.

“ஊறிருச்சு தெரசா. மர ரேகைக்குக் குறுக்க வீங்கிருச்சு. வட்டமில்லை இது, முட்டை.”

“அரத்தால தேய்ச்சு விடுங்க.”

“காஞ்சா அந்தப் பக்கம் சுருங்கிரும். ஆடும். வழுக்கி உள்ள விழும். அவ புள்ளை மறுபடியும் பல்லித் தண்ணி குடிக்கணுமா?”

இன்னொண்ணு வெட்டினாரு. நல்லெண்ணை பூசிப் பாத்தாரு, எறும்பு மொய்ச்சுது. வேப்பெண்ணை பூசினாரு, தண்ணியெல்லாம் கசப்பு. ஒரு பேய் புடிச்சாப்பல இருந்தாரு. அவளா மனசு மாறித் தவலையை வெளிச்சத்துல வச்சிருக்கா, அந்த மனசு திரும்பறதுக்குள்ள மூடி போயிச் சேரணும்னு தவிச்சாரு. எனக்கு மட்டும் தவிப்பு இல்லையா? மாதாவே, சீக்கிரம் முடிச்சுக் குடுன்னு நானும் வேண்டிக்கிட்டேன்.

ஒருநா தார்க் கூடையைத் தறிக்காரரு ஊட்டுல எறக்கிட்டு வாரேன், வாசல்லயே அந்த வாசம். பாலிஷ்.  அந்தக் கிறிஸ்மசுக்கப்பறம் அந்த வாசத்தை எங்க தெருவுக்குள்ள நான் விட்டதில்லை. உள்ள ஓடி, ஒண்ணுங் கேக்காம, செவுனியில ஒண்ணு விட்டேன் அவருக்கு. புருசனைக் கைநீட்டி அடிச்சது அதுதான் மொதத் தடவை. தாடையைப் புடிச்சு வாயைத் தொறந்து மோந்து பாத்தேன். வெறும் வெத்தலை வாசம்.

“ஆத்தா, ஆத்தா, அவரு குடிக்கலை”ன்னு மூலையில ஒரு கொரலு. காளியண்ண ஆசாரி புட்டியும் துணியுமா நடுங்கிக்கிட்டு நிக்கறாரு. “பலகை ஊறாம இருக்கணும்னா பாலிஷ்தான் ஆத்தா. மூணு பூச்சுப் பூசினாத் தண்ணி எறங்காது. நான் பூசித் தாரேன்னேன், நானே பூசறேங்கறாரு.”

“ஆமாமா, இவரே பூசட்டும்! புட்டியைக் கையில குடுத்துட்டு நீங்க போயிருங்க, நான் பாடை கட்டிக்கறேன்!”

“தெரசா”ன்னாரு இவரு, கன்னத்தைத் தடவிக்கிட்டே. “புட்டியை நீயே வச்சுக்க. துணியில நீயே ஊத்திக் குடு. மிச்சத்தை ஆசாரி கையோட கொண்டு போகட்டும். அவளுக்குப் போற மூடியில அடுத்தவன் கை படக்கூடாது, அவ்வளவுதான்.”

ஊத்திக் குடுத்தேன். வேற என்ன பண்றது? அவரு வட்டமா வட்டமா தேய்ச்சாரு. காஞ்சதும் இன்னொரு பூச்சு. மறுநா இன்னொண்ணு. தொட்டுப் பாத்தா கண்ணாடி. எங்க பானை மேல வச்சுப் பாத்தா, ஒரு நூல் கூட வீங்கலை. எங்க ரெண்டு பேருக்கும் அன்னைக்குச் சந்தோசம் தாங்கலை. வட்டம் நிக்குது, வட்டம் நிக்குதுன்னு அதுலயே புத்தி போயிருச்சு. வேற ஒண்ணும் தோணலைங்க.

ஞானமேரி ஊட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போயி, நானே தவலை மேல வச்சேன். அளவெடுத்துத் தச்ச ரவிக்கை மாதிரி சிக்குனு உக்காந்துச்சு. அவ கிட்ட வந்தா. குமிழைப் புடிச்சு மூடியைத் தூக்கினா. மூஞ்சிக்குப் பக்கத்துல கொண்டு போயிப் பாத்தா.  மூடியை நெஞ்சோட புடிச்சபடி செவுத்துல சாஞ்சவ, பின்பக்கம் ஓடிப் போயி வாந்தியெடுத்தா.

அப்பத்தான் எனக்கு ஒறைச்சுது. சேசு மரி சூசை! அந்தக் கிறிஸ்மஸ் ராத்திரி பூரா அமிர்தசாமி வாயில அடிச்ச வாசத்தை, அழகா மூடி போட்டு அவ அடுப்படியிலயே கொண்டாந்து வச்சுட்டேன்.

“ஞானமேரி, குடுத்துரு, நான் எடுத்துக்கிட்டுப் போயிடறேன்”னேன்.

“போங்க அக்கா”ன்னா. திரும்பிக் கூடப் பாக்கலை.

இதையும் ஊட்டுல மறைக்கலை. எப்படி மறைக்கறது, என் மூஞ்சியைப் பாக்க முடியாட்டியும் அவருக்கு என் மூச்சுத் தெரியும். கேட்டதும் தலையைச் செவுத்துல மோதிக்கிட்டாரு. “ரெண்டாந்தடவையும் கொன்னுட்டேன். அவனை ரெண்டாந்தடவையும் நானே கொன்னுட்டேன்”னு அதையே சொல்லிக்கிட்டு இருந்தாரு. அலகு, ஆணி, அரம் எல்லாத்தையும் ஒரு சாக்குல போட்டு, கொண்டு போயிக் கெணத்துல போடுன்னாரு. நான் போடலை, பரண்ல தூக்கி வச்சேன். அதுக்கப்பறம் படுத்தவருதான். கஞ்சியை ஊட்டினா முழுங்குவாரு, இல்லைன்னா இல்லை. போயிருவாருன்னே நெனச்சேன். அந்த வார்த்தை இனி வராதுன்னு அவருக்குத் தெரிஞ்சு போச்சு.

ரெண்டு மாசம் இருக்கும். மத்தியானம், தெருவே தூங்குது. வாசல்ல நெழல் விழுந்துச்சு. பாத்தா ஞானமேரி. கையில துணியில சுத்துன மூடி. எங்க ஊட்டுப்படியை அவ மிதிச்சு எத்தனை காலமாச்சு!  அவளே உள்ள வந்து, பாயில கெடந்தவருக்கு எதுத்தாப்பல உக்காந்தா.

“அக்கா, இதுல வாசம் போயிருச்சு”ன்னா.

துணியைப் பிரிச்சுக் காட்டினா.

“தண்ணி பட்டுப் பட்டு வெளுத்துப் போச்சு. வாசமும் போயிருச்சு. மறுபடியும் பூசிக் குடுக்கச் சொல்லுங்க.”

“ஏ ஞானமேரி, என்ன சொல்றே நீ?”

“அவரு மூஞ்சி எனக்கு மறந்து போச்சக்கா”ன்னா. சொல்றப்பவே அழுதுட்டா. “ஒரு போட்டோ கூட எடுக்கலை. கொரலும் மறந்து போச்சு. எம் மக, அப்பா எப்படி இருப்பாருன்னு கேக்கறா, எனக்குச் சொல்லத் தெரியலை. இந்த மூடியைத் தூக்கினேன், அந்த மனுசன் பக்கத்துல வந்து மூச்சு விட்டாப்பல இருந்துச்சு. மொத நாளு வாந்தியெடுத்தேன். அப்பறம் தெனம் காலையில எடுத்து மோந்து பாத்தேன். நாத்தம் புடிச்ச வாசந்தான். ஆனா அவரு என்கிட்ட விட்டுட்டுப் போனது அது ஒண்ணுதானே?”

பாயில இருந்தவரு மெதுவா எந்திரிச்சு உக்காந்தாரு. கையை நீட்டினாரு. அவ மூடியை அவரு கையில வச்சா. ஓரத்தை ஒரு சுத்துத் தடவினாரு.

“தெரசா, ஆசாரியைக் கூப்புடு.”

ஆசாரிகிட்டப் புட்டியை வாங்கிக்கிட்டு வந்தேன். இவரு தேய்க்க ஆரம்பிச்சாரு. அவ எதுத்தாப்பலயே உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தா. கொஞ்ச நேரத்துல இவரு கை நின்னுருச்சு.

“தெரசா, துண்டை எடுத்து என் மூக்கைக் கட்டு.”

“ஏன், தலை சுத்துதா?”

“வாயில எச்சில் ஊறுது”ன்னாரு. “கண்ணு ரெண்டும் போச்சு, அவன் போனான், இன்னும் ஊறுது பாரு இந்த நாறவாயில. போன தடவையும் ஊறுச்சு. உன்கிட்டச் சொல்லலை.”

 துண்டை எடுத்து மூக்கையும் வாயையும் சேத்து இறுக்கிக் கட்டினேன். ஞானமேரி அதைப் பாத்துக்கிட்டே இருந்தா. அப்பறம் ஒண்ணு கேட்டா. அவ கொரலு அன்னைக்குத்தான் இவரை நேரா வந்து தொட்டுச்சு.

“அண்ணா, அவருக்கும் அப்படித்தான் ஊறியிருக்குமில்லை?”

இவரு பாலிஷ் துணியைக் கீழ வச்சாரு.

“ஆம்பளைங்க எல்லாரும் குடிச்ச காலம்தானே. அவரும் குடிக்கறவருதானே. வாயில வேண்டாம்னு சொல்லியிருப்பாரு, மனசுல ஆசை இருந்திருக்கும். கையை நீட்டித்தானே வாங்கியிருப்பாரு? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணா. அப்படித்தான்னு சொன்னீங்கன்னா, உங்க ஒருத்தரு மேலயே போட்டு வச்சிருக்கற இந்தப் பாரத்தை நானும் எறக்கி வச்சுருவேன். எனக்கும் தாங்கலை. உங்களை மன்னிச்சுட்டு நிம்மதியா இருப்பேன்.”

சேசுவேன்னு நான் நெஞ்சுல கையை வச்சுக்கிட்டேன். இத்தனை வருசமாக் காத்துக் கெடந்த வார்த்தை, வாசல் வரைக்கும் வந்து நிக்குது. ஆமான்னு சொல்லணும். அவ்வளவுதான். தலையை ஆட்டினாக்கூடப் போதும். செத்தவன் வந்து இல்லைன்னா சொல்லப் போறான்? சொல்லுங்க, சொல்லுங்கன்னு அவரு முதுகைக் கிள்ளினேன்.

இவரு துண்டைக் கீழ எறக்கினாரு.

“இல்லை தங்கச்சி. அவன் ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டான். பல்லைக் கடிச்சுக்கிட்டான். நாந்தான் தாடையைப் புடிச்சு ஊத்தினேன். அவனுக்கு அன்னைக்கு ஆசையே இல்லை. நன்மை வாங்கத்தான் ஆசையா இருந்தான்.”

பாவி மனுசன்! ஒரு பொய். ஒரே ஒரு பொய். அன்னைக்கு வந்த ஆத்திரத்துல அந்தப் புட்டியை அவரு மண்டையிலயே ஒடைச்சிருப்பேன்.

 ஞானமேரி கண்ணுல இருந்து தண்ணி ஊத்திக்கிட்டு இருந்துச்சு. அழுத அந்த மூஞ்சியில, எப்படிச் சொல்றது, புருசனைப் பத்தி நாலு பேரு நல்லதாச் சொல்லக் கேட்ட பொம்பளைக்கு வருமே ஒரு களை, அதுவும் இருந்துச்சு. மூடி காயற வரைக்கும் இருந்தா. காஞ்சதும் துணியில சுத்திக்கிட்டு எந்திரிச்சா.

“அப்படின்னா என்னால முடியாதுங்கண்ணா”ன்னா. “அவரு மேல ஒரு தப்பும் இல்லைன்னு ஆயிருச்சு. இனி எப்படி முடியும்?”

போயிட்டா. நான் அவருகிட்ட அந்த வாரம் பூரா பேசலை. சோறு போட்டேன், பேசலை. “அவன் பேரைக் கெடுத்துட்டு நான் நன்மை வாங்கணுமா தெரசா?”ன்னு கேட்டாரு. அதுக்கும் பேசலை.

ஞாயித்துக்கிழமை வழக்கம் போல அவரைக் கையைப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போயி, தூணோரமா உக்கார வச்சேன். நன்மைக்கு மணி அடிச்சுது. எல்லாரும் எந்திரிச்சாங்க. ஞானமேரி எந்திரிச்சா, அவ மகளும் எந்திரிச்சா. நானும் எந்திரிச்சேன். நாலு எட்டு வச்சவ திரும்பிப் பாத்தேன். தலையைக் குனிஞ்சு, ரெண்டு கையையும் மடியில வச்சுக்கிட்டு, தனியா உக்காந்திருக்காரு. எனக்கு என்ன வந்துச்சோ தெரியலைங்க. வரிசையை விட்டு வெளிய வந்து, ஆம்பளைங்க பக்கமாப் போயி, அவரு பக்கத்துல தரையில உக்காந்தேன். அத்தனை பேரும் பாத்தாங்க. சாமியாரு கூட நன்மைத் தட்டோட ஒரு நிமிசம் நின்னு பாத்தாரு.

“நீ போகலையா?”ன்னாரு இவரு, மெல்ல.

“வாயை மூடிக்கிட்டு உக்காருங்க”ன்னேன்.